கூட்டிப் போனார்களா, இழுத்துப் போனார்களா?

கோர்ட் படியேறிய கதையை ஆளாளுக்குச் சொல்கிறீர்கள், என்னுடையதையும் போட்டுவைக்கிறேன். இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தேன். ஒருநாள் இரவு ஏழு மணி இருக்கும், எங்கள் தோட்டத்துப் பையனை, வயது 24, இரண்டு பேர் வேனில் ஏற்றினார்கள். ஒருவன் கை பையனின் சட்டைக் கொலரில். மூன்றாம் நாள் காலை, தேயிலை மலைக்குக் கீழே ஓடையில் பிணம்.

நான் தமிழில் சொன்னதைப் பொலிஸில் சிங்களத்தில் எழுதிக்கொண்டார்கள். 'எக்ககென கியா' என்று, அதாவது கூட்டிக்கொண்டு போனார்களாம். வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் மடத்தனம். மேல் நீதிமன்றத்தில் எதிரிகளின், அதாவது வேனில் ஏற்றிய அந்த இரண்டு பேரின், சட்டத்தரணி அந்த ஒரு சொல்லை வைத்தே, பையன் தானாகத்தான் போனான் என்று என்னை வறுத்தெடுத்தார். 14 வயதுக்குக் குறைந்த பையன் என்றால், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் கூட்டிப் போனாலே கடத்தல். வளர்ந்த ஆளுக்குப் பலவந்தமோ ஏமாற்றோ இருக்க வேண்டும். எதற்காகக் கொண்டுபோனார்கள் என்பதையும் காட்ட வேண்டும். கொல்வதற்கோ, கொலையாகும் ஆபத்தில் தள்ளுவதற்கோ கடத்தினால் தண்டனைச் சட்டக்கோவை 355ஆம் பிரிவு, 20 வருடம் வரை. கொலைக்கு 296, மரண தண்டனை (1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, அது வேறு கதை). கொலரைப் பிடித்த விதத்தை மொழிபெயர்ப்பாளரின் சட்டையிலேயே செய்து காட்டினேன். அப்புறம்தான் இழுத்துப் போனார்கள் என்று நீதிபதி ஐயா எழுதிக்கொண்டார்.

சரி, கடத்தல் நின்றது. கொலை? நான் பார்த்ததற்கும் பிணம் கிடைத்ததற்கும் நடுவில் இரண்டு இரவு. அதற்குள் வேறு யாரும் வந்திருக்கலாமே என்றார் சட்டத்தரணி. முதலாம் எதிரி பொலிஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான் என்று லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கப் பேச்சு. ஆனால் இந்த மாதிரி வழக்கில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. சாட்சியக் கட்டளைச் சட்டம் 27ஆம் பிரிவால் ஒரு துண்டு மட்டும் உள்ளே வந்தது: கத்தி எந்தக் கானில் (வடிகாலில்) கிடக்கிறது என்று அவன் சொன்னதும், அங்கேயே அது கிடைத்ததும். கத்தியில் இருந்தது பையனின் இரத்தம். அன்றிரவே உயிர் போயிருக்கும் என்றார் டொக்டர். முதலாமவனுக்குக் கொலைக் குற்றம் உறுதியாயிற்று.

இரண்டாமவன் வேனில் இருந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொல்லும் எண்ணம் அவனுக்கும் இருந்தது என்று காட்ட முடியவில்லை. கடத்தலோடு முடிந்தது.

வெளியே வந்ததும் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்கதானே பாத்தீங்க, அவனும்தானே ஏத்துனான்?"

"ஏத்துனதத்தான் அக்கா பாத்தேன்" என்றேன்.