போர்ஷே 997 காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாமா?

எஸ்டேட்காரன்_சுங்கைசிப்புட்:
2006 கரேரா S, 3.8 லிட்டர் இஞ்சின். வீட்டு வாசல் செம்மண் தரை. ஆயில் எவ்வளவு பிடிக்கும்? எதில் கவனம் வேண்டும்?

ஸ்பேனர்:
செம்மண்ணில் ஜாக்கி வைக்காதீங்க, மழை பெய்தால் புதையும். சிமெண்டுத் தரையில் நான்கு ஸ்டாண்டு போட்டு, காரைச் சமமாக நிறுத்துங்கள். ஆயில் 0W-40, போர்ஷே A40 தரம். ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும், முதலில் 7.5 மட்டும் ஊற்றுங்கள். இதில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. இஞ்சினைச் சூடாக்கி, சமதரையில் டேஷ்போர்டு அளவியைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அதிகமானால் ஆயில் இன்டேக்குக்குள் (இஞ்சினுக்குக் காற்று போகும் வழி) போய் வெள்ளைப் புகை தள்ளும்.

பழைய_மெக்கானிக்:
ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டுக்கு 8 மி.மீ. ஆலன் சாவி. அலுமினிய வாஷர் நசுங்கித்தான் அடைக்கும். ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்க. முறுக்கு 50 நியூட்டன் மீட்டர். ஃபில்டர் மூடி பிளாஸ்டிக், 25 நியூட்டன் மீட்டர் போதும்; அதன் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) ஆயில் தடவுங்க. பழைய ஃபில்டரின் மடிப்புகளைக் கட்டாயம் விரித்துப் பாருங்க தம்பி. பழுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் கைடு (இஞ்சின் செயினைத் தாங்கும் பட்டை) தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு என்றால் பேரிங்கைச் சந்தேகப்படணும், வண்டியை ஓட்டாதீங்க.

செம்பனை:
கழிவு ஆயிலை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீங்க. மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிகளில் அது SW 305 என்ற வகைக் கழிவு. டப்பாவில் மூடி, கழிவு ஆயில் வாங்கும் பெங்கெல்லில் (வண்டி பழுதுபார்க்கும் பட்டறையில்) கொடுங்கள்.