திருவொற்றியூர் பால்கனியில் ஹைபிரிட் ஆர்க்கிட்: வேர் கருக்கிறது, மொட்டு உதிர்கிறது, என்ன செய்யலாம்?

ஒற்றியூர் இரண்டாம் மாடி:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குப் பார்த்த பால்கனி, கடல் பக்கம்தான், காற்றுக்குப் பஞ்சமே இல்லை. பொங்கல் சமயத்தில் நர்சரியில் ஊதாப் பூவோடு ஒரு ஆர்க்கிட் வாங்கினோம். சீட்டில் 'ஹைபிரிட் ஆர்க்கிட்' என்று மட்டும் இருந்தது, வேறு பெயர் இல்லை. கணுக்கணுவான தண்டுகள், அதில் ஒன்றின் உச்சியிலிருந்து பூங்கொத்து. அந்தப் பூ ஒரு மாதத்துக்கு மேலேயே நின்றது, குறை சொல்ல முடியாது. இப்போது கத்திரி முடிந்து புதுக் கொத்து வந்திருக்கிறது, ஆனால் மொட்டெல்லாம் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கீழே விழுகிறது. தொட்டியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேர் பழுப்பாக இருக்கிறது, நகத்தால் அழுத்தி இழுத்தால் மேல்தோல் அப்படியே உருவிக்கொண்டு வருகிறது, உள்ளே ஒரு நூல்தான் மிச்சம்.

பிளாஸ்டிக் தொட்டி, உள்ளே தேங்காய் நார்த்தூள். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்துவைத்துத் தினமும் காலையில் ஊற்றுகிறோம். ஊட்டியில் வளர வேண்டியதை இங்கே கொண்டுவந்து ஏன் பாடாய்ப்படுத்துகிறாய் என்கிறார் மாமியார். நிஜமாகவே நம் வெயிலுக்கு இது தாங்காதா?

கொளத்தூர் கரிச்சட்டி:

முதலில் மாமியாருக்குப் பதில்: இது மலைச்செடி இல்லைங்க. நீங்கள் சொல்லும் தண்டும் பூங்கொத்தும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் பேரினத்தின் கலப்பினத்துக்கு உரியவை. நம் நர்சரிகளில் ஊதாவும் வெள்ளையுமாக அதிகம் வருவது சோனியா ரகம், சீசர் என்ற கலப்பினத்தையும் டாமி டிரேக் என்ற கலப்பினத்தையும் சேர்த்து உண்டாக்கியது. இந்த வம்சத்துக்கு மூதாதைகளில் முக்கியமானது பிகிப்பம், ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் வடக்குப் பக்கத்துச் செடி, அங்கேயும் நல்ல வெயில்தான். 35 டிகிரியெல்லாம் இதற்குப் பெரிய விஷயமில்லை. கத்திரியில் 40ஐத் தாண்டும்போது மட்டும் மதிய வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் செடியைக் கொல்வது தண்ணீர். ஆர்ஓ மெஷின் உப்பைப் பிரித்து எங்கே அனுப்புகிறது என்று யோசித்துப் பாருங்கள், அந்தக் கழிவுத் தண்ணீரில்தானே வந்து சேர்கிறது? அதாவது உங்கள் போர் தண்ணீரைவிடவும் உப்புக் கூடியதை ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ அது சரி, ஆர்க்கிட்டுக்கு ஆகவே ஆகாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும், பாருங்கள். மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாகவே நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிக்கிடக்கிறது, கடலோரம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு.

உருவிக்கொண்டு வருவது வெலமென் என்ற மேலுறை. காய்ந்திருக்கும்போது வெள்ளிநிறமாகவும் நனைந்ததும் பச்சையாகவும் தெரிய வேண்டியது அதுதான். தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும், ஆனால் நடுவில் காயவும் வேண்டும், காற்றும் வேண்டும். நார்த்தூளில் அது நடக்காது.

செடியை மொத்தமாக வெளியே எடுங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு பாசி உருண்டை இருக்கும், நாற்றாக இருந்தபோது வைத்தது, அதையும் பிய்த்தெடுத்துவிடுங்கள், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். கொழகொழ வேரையெல்லாம் வெட்டி, சாஃப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் முக்கிவைத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துங்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்சட்டியில் ஓட்டுத்துண்டும் மரக்கரியும், கட்டைவிரல் பருமனுக்கு. கரி எங்கே கிடைக்கும் என்று இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பழுப்பு நிலக்கரியையோ, பசை போட்டு அழுத்திய கரிக்கட்டியையோ வாங்கிவிடாதீர்கள். தண்டின் அடி மேலே தெரியவேண்டும், புதைக்கக் கூடாது, ஆடாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டை மொட்டை என்று வெட்டுவார்கள், அது செடியின் சேமிப்பு, பச்சையாக இருக்கும்வரை விட்டுவையுங்கள், அதிலிருந்தே மறுபடி பூக்கும்.

அந்த மொட்டுக் கொத்தை இப்போதே வெட்டிவிடுவது நல்லது. மனசு வராது, தெரியும்.

ராயபுரம் மாடிக்காரி:

கரிச்சட்டி அண்ணா சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கொளத்தூரில் வெறும் கரி போதும், கடலோர இரண்டாவது மாடியில் அந்தக் காற்றுக்கு மதியத்துக்குள் சட்டி காய்ந்து கிடக்கும், வேர் இல்லாத செடிக்கு அது தாங்காது. தேங்காய் மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, நாலைந்து நாள் ஊறவைத்து, தண்ணீர் சாயம் இறங்காமல் தெளிகிறவரை மாற்றிக்கொண்டே இருந்து, கரிக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அந்த மட்டையை எடுத்துவிட வேண்டும், அடைமழையில் ஊறி அழுகும்.

தண்ணீருக்கு ஏசி தண்ணீர் இருக்கிறதே! குழாய்க்கு அடியில் வாளி வைத்தால் ராத்திரியில் நிறையச் சேரும். அதில் உப்பு என்று ஒன்றும் இல்லாததால் உரம் கட்டாயம் கொடுக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு தடவை, அதுவும் வேர் புதிதாக விட்ட பிறகு. மெட்ரோ வாட்டர் வந்தால் அதுவும் நல்லதுதான். ஆர்ஓ ரிப்பேர் செய்கிறவரிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், அளந்து பாருங்கள், 200க்குள் இருந்தால் கவலையில்லை, 500ஐத் தாண்டினால் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

கிழக்கு வெயில் பத்து மணிவரை படலாம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடினால் சரியாக இருக்கிறது, மஞ்சள் முற்றி வெளுத்தால் வெயில் கூடிவிட்டது. நம் பக்கத்துத் தூசியைத்தான் மறந்துவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுப்பாகவே வரும், அத்தனை புழுதி படிந்த இலைக்கு எங்கிருந்து வெளிச்சம் கிடைக்கும்? துடைக்கும்போதே இலை இடுக்கில் மாவுப்பூச்சி இருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம்.

ஒற்றியூர் இரண்டாம் மாடி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அளந்தாயிற்று. போர் 1380, ஆர்ஓ கழிவு 1900க்கு மேல், ஏசி தண்ணீர் 24. வீட்டில் யாரும் பேசவில்லை. தொட்டியைக் கவிழ்த்ததில் பாசி உருண்டையும் இருந்தது, பிழிந்தால் சொட்டுகிறது. நல்ல வேர் மூன்றோ நாலோதான் தேறியது, ஆனால் ஒரு தண்டின் அடியில் பச்சையாகக் குருத்து தெரிகிறது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாமா? அப்புறம், தங்கைக்குக் கல்யாண நாள் வருகிறது, அகல இலையும் வளைந்த கொத்தில் பெரிய வெள்ளைப் பூவும் இருக்குமே, அந்த வகையை வாங்கித் தரலாமா? அவள் வீடு வியாசர்பாடி.

மாதவரம் நிழல்வலை:

குருத்து வந்துவிட்டதா, அப்படியானால் பிழைத்துவிடும். அந்தக் குருத்திலிருந்துதான் புதுவேர் இறங்கும், நத்தைக்கும் அதுதான் பிடிக்கும், ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். அரிசி கழுவிய தண்ணீர் வேண்டாம். ரோஜாவுக்கு ஊற்றுங்கள், இதில் கஞ்சி மட்டையில் தங்கிப் புளித்து எறும்பும் பூஞ்சையும்தான் வரும்.

நீங்கள் கேட்கும் வெள்ளைப் பூ ஃபலனாப்சிஸ். அதை நம் ஊரில் வளர்க்கலாம், மறுபடி பூக்க வைப்பதுதான் கஷ்டம். பூத்தண்டு கிளம்ப ராத்திரிச் சூடு சில வாரம் 25க்குக் கீழே இறங்க வேண்டும், பகலிலும் 28ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் இலையாகத்தான் விடும். நமக்கு அந்தச் சாளரம் மார்கழி, தையில் மட்டும். தங்கை வீட்டில் ராத்திரி ஏசி ஓடுகிற அறையும் அங்கே ஜன்னல் வெளிச்சமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஏசிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இதற்கு நேர் வெயில் ஆகாது, இலைகளுக்கு நடுவே குழியில் தண்ணீர் தங்கினால் ஒரே வாரத்தில் குருத்து அழுகிவிடும்.

மொட்டை மாடியில் முழு வெயில் இருக்கிறவர்கள் மொகாரா என்ற ஆர்க்கிட்டைப் பாருங்கள், 1969இல் சிங்கப்பூரில் மூன்று பேரினங்களைக் கலந்து உண்டாக்கியது, வெயில் குறைந்தால்தான் பூ குறையும்.

ராயபுரம் மாடிக்காரி:

தங்கைக்கு வாங்கும்போது எல்லாமே மொட்டாக இருப்பதை எடுக்காதீர்கள், ஆட்டோவில் கொண்டுபோய் இடம் மாற்றியதுமே பாதி உதிர்ந்துவிடும். கொத்தில் பாதிக்கு மேல் விரிந்ததாகப் பாருங்கள். வீட்டில் வாழைத்தார் பழுக்கவைக்கும் பக்கமும் வைக்க வேண்டாம், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவுக்குப் பூ சீக்கிரம் சுருண்டுவிடும்.