சிறுபைக்குழல் வேண்டாம், துருத்திக்குழல் என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். தோல்பையில் காற்றை நிரப்பி ஒலிக்கும் பைக்குழல் வகைகளில் ஒன்றான ஸ்காட்லாந்தின் ஸ்மால்பைப்ஸ் கருவிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லா மடல்களையும் இரண்டு முறை படித்தேன். என் முடிவையும் அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள், அடுத்த வாரம் கட்டுரை அச்சுக்குப் போகிறது.

முதலில், இந்தச் சொல் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு சுருக்கமாகக் கேட்டதால் சிலர் கருவியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

எடின்பரோவில் ஒரு மாடியறை. முப்பது நாற்காலிகள் இருக்கும். நாட்டுப்புறப் பாடகி ஒருவர் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் ஒரு தோல்வாரைக் கட்டினார். வலது முழங்கைக்கு மேலே இன்னொரு வார். அந்த இரண்டு வாரிலும் பிடிப்பாக, விலாவுக்கும் கைக்கும் நடுவே ஒரு மரத்துருத்தி. இடது அக்குளில் தோல்பை. மடிமேல் குறுக்காக மூன்று ஒத்துக்குழல்கள், சுருதிக்காக விடாமல் ஒரே ஸ்வரம் ஒலிப்பவை. வலது முழங்கையை மெல்ல அசைத்தார், பை உப்பியது, ஒத்து எழுந்தது. ஒவ்வொரு ஒத்துக்குழலையும் நுனியில் பிடித்துத் துளித்துளியாக இழுத்தும் தள்ளியும் சுருதி சேர்த்தார். மூன்றும் ஒன்றாகக் கூடிய நொடியில், முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை ஏதோ கேட்டது. அவர் குனிந்து அதற்குப் பதில் சொன்னார். சுருதி அறுபடவே இல்லை. அப்படியே நிமிர்ந்து பாட ஆரம்பித்தார். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஒரு பாட்டு, பெண்கள் கூடி உட்கார்ந்து கம்பளியை அடித்துப் பதப்படுத்தும்போது பாடுகிற வகை.

நான் சொல்ல வந்தது முழுக்க அந்தக் குழந்தைக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது. நாம் படங்களில் பார்க்கிற ஹைலேண்ட் பைப்பை வாசிப்பவரால் இதைச் செய்ய முடியாது. அவர் வாயால் ஊதிப் பையை நிரப்ப வேண்டும். இங்கே காற்று முழங்கையிலிருந்து வருகிறது, வாய் சும்மா இருக்கிறது. அதனால்தான் பாட முடிகிறது. ஒரு பெண் தன் குரலுக்குத் தானே பைக்குழல் வாசித்துக்கொள்வது அந்தத் துருத்தியால்தான் நடக்கிறது. கலைச்சொல் இதைச் சொல்ல வேண்டாமா?

சரி, இப்போது வந்த சொற்களுக்கு வருகிறேன்.

அதிகம் பேர் ஆதரித்தது சிறுபைக்குழல். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது என்பதுதான் காரணம். எனக்கு அதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, சிறு என்பது எதைத் தழுவுகிறது? சிறு பைக்குழல் என்று பிரிப்பதா, சிறுபையின் குழல் என்று பிரிப்பதா? படிக்கிறவர் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் பை ஒன்றும் சிறியதில்லை, ஒரு கைக்குழந்தையை அக்குளில் இடுக்கியதுபோல் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. சிறுகுழல் என்றால் ஒலி கீச்சென்று மேலே நிற்கும் என்று நம் காது நினைக்கும். உண்மை நேர்மாறு. ஹைலேண்ட் பைப்பில் ஆதார ஸ்வரம் இன்று 470, 480 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது. பரவலாக வாசிக்கப்படும் ஏ சுருதி ஸ்மால்பைப்பில் அது 220 ஹெர்ட்ஸ்தான். ஒரு ஸ்தாயிக்கும் மேலே இறங்கிவிடுகிறது. காரணம் குழலின் உள்துளை. ஹைலேண்ட் குழலின் துளை கீழே போகப்போக விரிகிறது, கூம்பு மாதிரி. இதில் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். சீவாளி (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாணல்) வைத்த குழலில் துளை ஒரே அகலமாக இருந்தால், அதே நீளக் கூம்புத் துளையைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். ஒலியும் அடங்கிவிடும். ஹைலேண்ட் பைப் மலைச்சரிவுக்கும் படை அணிவகுப்புக்கும் ஏற்றது, இது ஓர் அறைக்கு ஏற்றது. நம் கணக்கில் 220 என்பது ஆறு கட்டை சுருதி, பெண்குரல் கீழே ஊன்றி நிற்கக்கூடிய இடம். டி சுருதிக் குழலும் உண்டு, அது இரண்டு கட்டை. ஆகவே சிறு என்ற அடைமொழி, கேட்டிராத வாசகரைத் தவறான ஒலிக்கு அழைத்துப் போகும். அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

துத்தி என்ற சொல்லை நினைவூட்டிய ஐயாவுக்கு என் நன்றி. சதிர் ஆடிய காலத்தில் சுருதிக்காக வாயால் ஊதிய தோல்பைக் கருவி அது. நம்மிடமும் பைக்குழல் இருந்தது என்று இன்று பலருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரை எடுத்து ஸ்காட்லாந்துக் கருவிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. துத்தி சுருதி மட்டும் தரும், அதில் பண் வாசிக்க முடியாது. அதோடு, நம் கையை விட்டுப் போன ஒரு கருவியின் பெயர் அந்தக் கருவிக்கே இருக்கட்டும். நாளை யாராவது அதைப் பற்றி எழுதினால் அவருக்கு அது வேண்டும்.

எனக்குச் சரியாகப் படுவது துருத்திக்குழல். குழுமத்தில் ஒரு அக்காதான் போகிற போக்கில் இந்தச் சொல்லை எழுதினார், யாரும் கவனிக்கவில்லை. யோசிக்க யோசிக்க அதன் பொருத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. துருத்தி என்றால் கொல்லன் உலைக்குக் காற்றடிப்பது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தமிழில் தோல்பைக்கும் துருத்தி என்றுதான் பெயர். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குப் புதுத் திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் ஊற்றக்கூடாது என்ற வசனம் நினைவுக்கு வரும். அங்கே துருத்தி என்பது தோல்பை. ஆக, ஒரே சொல்லில் இந்தக் கருவியின் காற்றடிப்பானும் வந்துவிடுகிறது, காற்றைப் பிடித்துவைக்கும் பையும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் வேண்டும். தமிழ் தானாகக் கொடுக்கிற இந்த வசதியை விட்டுவிட்டு மொழிபெயர்ப்புச் சொல்லை ஏன் தேடிப் போக வேண்டும்? (ஆற்றுநடுத் தீவுக்கும் துருத்தி என்று பெயர் உண்டு, திருப்பூந்துருத்திக்காரர்கள் கோபிக்க வேண்டாம். இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும்.)

கொல்லுப்பட்டறை வாசம் அடிக்கிறது, இசைக்கு ஒட்டாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆர்மோனியத்திலும் சுருதிப்பெட்டியிலும் இருப்பதும் துருத்திதான். ஸ்காட்லாந்துக்காரர்களே இந்த வகைக் கருவிகளுக்குக் குளிர்காற்றுப் பைப் என்று ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். வாய்க்காற்றுச் சூடாக, ஈரமாக வரும். துருத்திக் காற்று அறையின் காற்று, குளிர்ந்தது, உலர்ந்தது. அதனால் சீவாளி நனையாது, சுருதி எளிதில் நழுவாது. பெயர் வைக்கும்போது அவர்கள் கண்ணும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பட்டிருக்கிறது.

இன்னொரு மறுப்பு உண்மையிலேயே கனமானது. துருத்தியால் ஒலிக்கும் பைக்குழல்கள் பல இருக்கின்றனவே, எல்லாவற்றுக்கும் இதே பெயரா? ஆமாம், அயர்லாந்தின் இல்லன் பைப்பும் இங்கிலாந்தின் வடக்கே வழங்கும் நார்தம்பிரியன் பைப்பும் துருத்தியால்தான் ஒலிக்கின்றன. ஆகவே துருத்திக்குழலை இனப்பெயராக வைப்போம், ஊர்ப்பெயரால் பிரிப்போம். ஆனால் ஸ்காட்லாந்துக்குள்ளேயே பார்டர் பைப் என்று இன்னொரு துருத்திக்கருவி உண்டு. கூம்புத் துளை, ஓங்கிய ஒலி. அதிலிருந்து பிரித்துக் காட்ட நம் கருவிக்கு ஓர் அடைமொழி தேவைதான். மென் என்று முன்னொட்டுப் போட்டுப் பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி மென்றுருத்தி ஆகிவிடுகிறது, வாசகர் எதையோ மென்றதாக நினைப்பார். மெல்லிசை என்றால் மேடைக் கச்சேரிதான் நினைவுக்கு வரும். மெல்லொலித் துருத்திக்குழல் நன்றாக இருக்கிறது. கட்டுரையில் முதல் முறை ஸ்காட்லாந்தின் மெல்லொலித் துருத்திக்குழல் என்று முழுதாக எழுதி, பிறகு துருத்திக்குழல் என்றே தொடரப் போகிறேன். வாயால் ஊதும் ஸ்மால்பைப்பும் இப்போது செய்கிறார்கள் என்பது தெரியும். அதைப் பற்றி எழுதும்போது வாய்க்காற்று என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பாடகிக்கு அது உதவாது.

வரலாறு கேட்டிருந்தவருக்குச் சுருக்கமாக: பழைய கருவி, இடையில் வழக்கொழிந்தது. 1757 என்று ஆண்டு பொறித்த ஒன்று எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று வாசிக்கப்படுவது 1980களின் தொடக்கத்தில் காலின் ராஸ் என்ற கருவி செய்பவர் புதிதாக வடிவமைத்ததிலிருந்து பரவியது. ஹைலேண்ட் பைப்பின் விரல்முறையே இதற்கும் என்பதால் பழைய பைப்காரர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். இன்று ஸ்கை தீவைச் சேர்ந்த, கேலிக் பேசி வளர்ந்த பிரீச்சு கைம்பல் போன்ற இளம்பெண்கள் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இனி உறுப்புகள். ட்ரோனுக்கு ஒத்து. இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்த நம் குழும நண்பர் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அவருடைய தாத்தா வாழ்நாள் முழுக்க ஒத்து பிடித்தவராம். விரல்துளை இல்லாத அந்தக் குழலை மூச்சு அறுபடாமல் மணிக்கணக்கில் ஊதிக்கொண்டே இருப்பது எத்தனை பெரிய வேலை! ஆனால் ஊரில் ஒத்து ஊதுகிறான் என்றால் ஆமாம்சாமி என்று அர்த்தம் வந்துவிட்டது. அந்தக் கெட்ட அர்த்தத்துக்குப் பயந்து சொல்லைக் கைவிட வேண்டாம். நல்ல இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால்தான் சொல் தன் மதிப்பை மீட்கும். ஏ சுருதிக் கருவியில் மூன்று ஒத்துகள் பெரும்பாலும் கீழ் சட்சமம், பஞ்சமம், மேல் சட்சமம் என்று நிற்கின்றன. தம்புரா கேட்டு வளர்ந்த நமக்கு அங்கே விளக்கமே வேண்டியதில்லை.

மூன்று ஒத்துகளும் செருகியிருக்கிற மரத்துண்டை ஒத்துக்கட்டை என்று எழுதியிருந்தீர்கள். கட்டை என்று சுருதியையும் சொல்வதால் ஒரே பத்தியில் இடிக்கும். ஒத்துத்தாங்கி போதும்.

சாண்டருக்கு, அதாவது பண் வாசிக்கும் குழலுக்கு, பாடுகுழல் என்று மூன்று பேர் எழுதினீர்கள். அழகான சொல். வேறு கட்டுரையாக இருந்தால் எடுத்திருப்பேன். இங்கே பாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பாடுகுழல் பாடியது, அவளும் பாடினாள் என்று எழுதினால் யார் குரல் எது என்று குழம்பும். விரல்கள் ஓடுகிற குழல் என்பதால் விரற்குழல் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் ஒன்பது ஸ்வரங்கள்: கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் சட்சமம் வரை. ஹரிகாம்போதி ராகத்தின் ஸ்வரங்கள் அப்படியே கிடைக்கும். விரற்குழலில் இருப்பது இரட்டைச் சீவாளி, நம் நாகஸ்வரத்தில் போல. ஒத்தில் இருப்பது ஒற்றை நாக்கு, மகுடிக்குள் இருப்பதைப் போல. சீவாளி, நாக்கு இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

விரற்குழலின் அடி திறந்தே இருப்பதால் அது ஒலிப்பதை நிறுத்தாது. நார்தம்பிரியக் கருவியில் அடி மூடியிருக்கும், எல்லா விரலும் மூடினால் மௌனம் கிடைக்கும். இதில் மௌனம் கிடையாது. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால்கூட நடுவே ஒரு நொடித்துளி வேறு விரலைத் தூக்கி வெட்டித்தான் காட்ட வேண்டும். அந்த எடின்பரோப் பாடகி இதை எப்படிச் சமாளித்தார் என்று கவனித்தேன். சரணம் பாடும்போது விரற்குழலை ஒரே ஸ்வரத்தில் நிறுத்தினார், அது நான்காவது ஒத்தாக மாறிவிட்டது. சில வரிகளில் குரலோடு சேர்ந்தே நடந்தார். குரல் ஓய்ந்த இடத்தில் விரல்கள் ஓடின. அவருடைய மூச்சும் துருத்தியின் மூச்சும் ஒரே நேரத்தில் விழவில்லை. பாட்டின் வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும்போது முழங்கை அமைதியாக இருந்தது, நீண்ட ஸ்வரத்தின் நடுவே அது மெல்ல இறங்கியது. அந்த அசைவு குரலில் தெரியவே இல்லை. பழக எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, இப்படித் தன் பாட்டுக்குத் தானே வாசிப்பதற்கு ஒரு சொல். சுயபக்கவாத்தியம் என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. பக்கவாத்தியம் என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக்கொண்டே பாடுகிறார், அந்த வில்லைப் பக்கவாத்தியம் என்று யாரும் சொன்னதில்லை. நம் மொழியில் இதற்குப் பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை, வினையெச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. யாழை மீட்டிப் பாடினாள், உடுக்கை அடித்துப் பாடினார். அதே வழியில் துருத்தி இடுக்கிப் பாடினாள் என்று எழுதுகிறேன். இடுக்குதல் என்ற வினையில் அக்குள், முழங்கை, பை, அழுத்தம் எல்லாம் வந்துவிடுகின்றன. அட்டவணைக்குப் பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும் என்றால் தானிசைத்துப் பாடல் என்று போடலாம்.

கேலிக் பைப்காரர்கள் பண்களை வாய்ச்சொல்லாகவே மனப்பாடம் செய்யும் கேண்டரக்ட் முறைக்கும் ஒரு சொல் வேண்டும். தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலோடு ஒப்பிட்டு ஒரு நண்பர் தொடங்கியிருக்கிறார். அதைத் தனி இழையில் பேசலாமா? பைப் கலைஞர் ஆலன் மெக்டொனால்ட் போன்றவர்கள் பழைய பைப் இசைக்கும் கேலிக் பாட்டுக்கும் உள்ள உறவை ஆராய்ந்திருக்கிறார்கள், அங்கே பேச நிறைய இருக்கிறது.

கட்டுரையின் முதல் வரி இப்போது இப்படி நிற்கிறது: "வலது முழங்கையால் துருத்தியை இடுக்கி, மூன்று ஒத்துகளையும் சுருதி சேர்த்துவிட்டு, முன்வரிசைக் குழந்தைக்குப் பதில் சொல்லி முடித்து, அவர் பாடத் தொடங்கினார்." ஒத்துகள் என்ற பன்மை காதுக்கு இடிக்கிறதா, ஒத்துக்குழல்கள் என்றே எழுதட்டுமா என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நாகஸ்வரக் குடும்பத்து நண்பர் சொல்வதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.