2048-இல் அண்டார்டிகா ஒப்பந்தம் காலாவதி ஆகிறதா?

குமரிக்கடல்:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மைத்துனர் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். 2048-இல் ஒப்பந்தம் முடிகிறதாம், மறுநாளே எண்ணெய்க் கிணறு தோண்டுவார்களாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளும் அப்படியே குறிப்பெடுத்திருக்கிறாள். உண்மையா?

சட்டப்புள்ளி:
இல்லை. 1959 ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியே கிடையாது. கனிமம் எடுக்கத் தடை, 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த, அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்த மாட்ரிட் நெறிமுறையில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்து 50 ஆண்டு கழிந்தபின், அதாவது 2048-க்குப் பின், ஒப்பந்தக் கூட்டங்களில் வாக்குரிமையுள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். அதன் பிறகும் தடை நீங்க, 1991-இல் அந்த உரிமை பெற்றிருந்த 26 நாடுகளும் ஒன்றுவிடாமல் இசைய வேண்டும். ஆனால் ஒரு சந்து இருக்கிறது: மாநாடு ஏற்ற திருத்தம் மூன்றாண்டுக்குள் நடைமுறைக்கு வராவிட்டால், விரும்பும் நாடு நெறிமுறையிலிருந்தே விலகிக்கொள்ளலாம்.

டீசல்கை:
அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்தில் ஒரு குளிர்காலம் ஜெனரேட்டர் பார்த்தவன் நான். விதி எண்களெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று, தெர்மோகோல் மணிகள் மறக்கவில்லை. பெட்டிக்குள் அடைக்கும் அந்த மணிகளுக்கு அங்கே தடை. காற்றில் பறந்தால் யார் பொறுக்குவது? எப்படியோ ஒரு பம்புப் பெட்டியில் தப்பி வந்துவிட்டன. கதவை அடைத்துக்கொண்டு நான்கு பேர் மண்டியிட்டுப் பொறுக்கினோம். பழைய பேட்டரி, காலிப் பீப்பாய் எல்லாம் கப்பலில் திரும்பி வந்தாக வேண்டும். எங்கள் சமையற்காரர் துளசித் தொட்டியோடு கோவா வந்திருந்தார். மண் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்லெட்ஜ் இழுத்த நாய்களையே, சீல்களுக்கு நோய் தொற்றும் என்று 1994-க்குள் வெளியேற்றியவர்கள். துளசி எம்மாத்திரம்!

காகிதப்புலி:
நீங்கள் பொறுக்கினீர்கள். மற்ற நாட்டுக்காரன் பொறுக்கினானா என்று பார்த்தது யார்?

டீசல்கை:
வாக்குரிமையுள்ள எந்த நாடும் எவருடைய நிலையத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் பார்வையாளர்களை அனுப்பலாம். கதவைத் திறந்தே ஆக வேண்டும். என் கவலை கனிமம் அல்ல, கடல். அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலைக் காப்பகமாக்க 2016-இல் உறுப்பு நாடுகள் எல்லாம் இசைந்தன. கிழக்கு அண்டார்டிகா கடல் காப்பகத்தைச் சீனாவும் ரஷ்யாவும் வருடக்கணக்கில் தடுத்துவருகின்றன. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் அங்கே எதுவும் நகராது.

சட்டப்புள்ளி:
தடையை நீக்கவிடாமல் காப்பதும் அதே இசைவு விதிதான், ஐயா.

குமரிக்கடல்:
மகள் குறிப்பை அடித்துத் திருத்திவிட்டாள். மைத்துனருக்கும் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அந்தத் துளசி என்ன ஆயிற்று?

டீசல்கை:
கோவாவின் வாஸ்கோ நகரில் ஒரு டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினோம். திரும்பி வந்தபோது இடுப்பளவு வளர்ந்திருந்தது.