ஏற்றிவிட்ட அறிவிப்பாளருக்கு மேடையில் நன்றி சொல்லியே ஆகணுமா?

சாட்ஸ்வொர்த் தவில்:
போன ஞாயிறு டர்பனில் ஒரு கல்யாண வரவேற்பு. பாடினவர் நம்ம ஊர்ப் பாடகர், பேர் வேண்டாம். பத்து வருஷமா வானொலியில் அவரைத் தூக்கிவைத்துப் பேசுற அறிவிப்பாளர்தான் அன்றைக்கு மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்த எம்சி. பாடகர் சமையல்காரர் வரைக்கும் நன்றி சொன்னார், இவர் பேரை மட்டும் விட்டுட்டார். அறிவிப்பாளர் முகம் வாடிப்போச்சு. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கலாமா?

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, ஏணின்னு சொல்றதையே நான் ஒத்துக்க மாட்டேன். பாட்டு பிடிச்சுது, போட்டார். அது அவர் வேலை. இங்கிலாந்தில் ஜான் பீல்னு ஒரு அறிவிப்பாளர், பிபிசி ரேடியோ 1. ‘தி ஃபால்’ குழுவை 1978 முதல் 2004 வரை தன் நிகழ்ச்சிக்காக 24 தடவை ஒலிப்பதிவு பண்ணவைத்தார். அப்படியும் அவரும் அந்தக் குழுவின் மார்க் இ. ஸ்மித்தும் நெருங்கிப் பழகினதில்லை. 2004 அக்டோபரில் பீல் இறந்தபோது டிவியில் ஸ்மித் உருகிப் பேசலை, நிறையப் பேருக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனா அந்த இடைவெளி இருந்ததால்தான் பீல் ஒரு பாட்டை நல்லா இருக்குன்னு சொன்னா கேட்கிறவர்கள் நம்பினார்கள்.

சாட்ஸ்வொர்த் தவில்:
அது இங்கிலாந்து, அக்கா. தென்னாப்பிரிக்க இந்தியர்களான நமக்கு 1983இல் ஆரம்பிச்ச லோட்டஸ் வானொலி இருக்கு. அதிலும் இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருதுவோட தமிழும் நேரத்தைப் பங்கு போட்டுக்கணும். அந்தச் சின்ன நேரத்தில் உள்ளூர்க் குரல் ஒண்ணை ஒருத்தர் விடாம ஒலிக்கவைக்கிறார்னா, அதை வெறும் வேலைன்னு தள்ளிட முடியுமா? கோயில், கல்யாணம், கருமாதி எல்லாத்திலும் முகம் பார்க்கிற ஊர் இது. இங்கே இடைவெளிக்கு எங்கே போறது?

உம்கேனி சாலை:
முகம் பார்க்கிற ஊர்ங்கிறதுதான் எனக்குப் பயமே. காலையில் வானொலியில் புகழ்றவர், சாயங்காலம் அதே பாடகரைக் கல்யாணத்துக்குப் பேசிவிடுறவர், ராத்திரி எம்சி, மூணும் ஒரே ஆள். உங்க அறிவிப்பாளர் காசு வாங்கினார்னு நான் சொல்லலை. ஆனா அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்க. ஆலன் ஃப்ரீட், ராக் அண்ட் ரோலை ஊரெல்லாம் கேட்கவைத்த அறிவிப்பாளர். 1955இல் சக் பெர்ரியின் முதல் இசைத்தட்டு வந்தப்போ பாட்டை எழுதினவர்கள் வரிசையில் ஃப்ரீட் பேரும் ஏறிடுச்சு. அவர் ஒரு வரிகூட எழுதலை. பாட்டு ஓட ஓட எழுதினவருக்கான தொகையில் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டு முழுசா பெர்ரி பேருக்குத் திரும்ப 1986 ஆச்சு. ‘நான்தானே தூக்கிவிட்டேன்’கிற நினைப்பு அந்த அளவுக்குப் போகும், தம்பி.

சாட்ஸ்வொர்த் தவில்:
இவர் ஒரு ராண்ட் வாங்கினதில்லை. தன் காரில் டோங்காட் வரைக்கும் போய்ப் பழைய கேசட் தேடி எடுத்து வர்ற மனுஷன். அவரையும் ஃப்ரீடையும் ஒரே தட்டில் வைக்காதீங்க.

பழைய கீபோர்டு:
நான் அந்தப் பாடகரோட ஆர்கெஸ்ட்ராவில் வாசிச்சவன். அதனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

வானொலியில் வர்றதால் எங்களுக்குக் காசு கொட்டுதுன்னு நினைக்கிறாங்க. நாங்க மேடையில் பாடுறது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. அதைப் பதிவு பண்ணி வானொலியில் போட்டாலும், எழுதி இசையமைத்தவருக்கான பங்கு இந்தியாவுக்குத்தான் சேரணும். எங்களுக்குக் கிடைக்கிறது பேர். பேரால் வர்றது ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புரட்டாசியில் விருந்துக் கச்சேரி குறைஞ்சா அதுவும் இல்லை.

இன்னொண்ணு. 2016 மே மாசம், லோட்டஸை நடத்துற பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி 90 சதவீதம் உள்ளூர் இசைதான் போடணும்னு உத்தரவு போட்டது. லோட்டஸ் நேயர்கள் சினிமாப் பாட்டு எங்கேன்னு கொதிச்சுப் போனாங்க. உள்ளூரில் பதிவான தமிழ்ப் பாட்டு எத்தனை இருந்தது? நம்ம அறிவிப்பாளர் எங்க வீட்டு வாசலுக்கே வந்து, ‘இருக்கிறதைக் கொடுங்கப்பா’ன்னு கேட்டார். ஒரு கராஜ் ஸ்டூடியோவில் மூணு ராத்திரி தூங்காம ஆறு பாட்டு முடிச்சோம், எல்லாம் பாடகர் சொந்தமா எழுதினது. ஸ்டூடியோ வாடகைக்குப் போனது பாடகர் மனைவியோட வளையல். மறுவருஷம் அந்த விதி போச்சு. அந்த ஆறு பாட்டுக்காக ஒருநாள்கூட யாரும் மைக்கில் எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. ‘நான் கண்டுபிடிச்ச பையன்’னுதான் இன்றைக்கும் அறிமுகம். பையனுக்கு வயசு 46.

ஃபீனிக்ஸ் அக்கா:
வளையல் கதை எனக்குத் தெரியாது, ஐயா. படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டத் தோணலை.

உம்கேனி சாலை:
தவில் தம்பி, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்த ஞாயிற்றுக்கு அப்புறம் அறிவிப்பாளர் பாடகரோட பாட்டைப் போட்டாரா?

சாட்ஸ்வொர்த் தவில்:
வளையல் விஷயம் எனக்கும் இப்பதான் தெரியும். நேற்று நிகழ்ச்சியை முழுசா உட்கார்ந்து கேட்டேன். போடலை. அது சரியில்லை, ஒத்துக்கிறேன். ஆனா மேடையில் சமையல்காரர் பேரைச் சொல்லிட்டு அவர் பேரை விட்டதும் எனக்கு இன்னும் சரியாப் படலை. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நாளைக்கு அறிவிப்பாளர் வீட்டுக்குப் போறேன். கீபோர்டு அண்ணா, நீங்களும் வர்றீங்களா?