கர்ப்பப்பை வாய் புற்று டெஸ்ட் ரிசல்ட் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

மலைக்காட்டு மைனா, குன்னூர்:
போன மழைக்காலத்துல நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன். கர்ப்பப்பை வாயிலேர்ந்து செல்லு எடுத்துப் பார்ப்பாங்களே, பாப் ஸ்மியர், அது எடுத்தேன், அந்த ஸ்லைடு கீழ கோயம்புத்தூர் போய்த்தான் ரிப்போர்ட் வரணும்னாங்க, சரின்னு வந்துட்டேன். எங்க வீட்ல நெட் இருக்கற ஃபோன் பையன்கிட்டதான், ஃபார்ம்ல அவன் நம்பர்தான். ஒரு நாள் சாயங்காலம் காலேஜ் முடிஞ்சு வர்றான், முழுக்க நனைஞ்சு, பையைக்கூட கழட்டல, வாசப்படியிலயே நின்னுக்கிட்டு "அம்மா, உனக்கு ஏதோ செல்லு தப்பா இருக்காம்மா"ங்கறான். வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்திருக்கு, 'அட்டிபிகல் ஸ்குவாமஸ் செல்ஸ்'னு போட்டிருக்கு, அவன் பஸ்லயே கூகுள்ல தேடி வெலிங்டன் தாண்டி வீடு வர்ற வரைக்கும் கேன்சர் கேன்சர்னே படிச்சுட்டு வந்திருக்கான். எனக்கு என் உடம்பைப் பத்தின பயம் அப்ப வரவே இல்லங்க, அவன் மூஞ்சியைப் பார்த்ததுதான் தாங்க முடியல.

அப்புறம் டாக்டரம்மாகிட்ட போனா, இதுக்குப் பேரு ஆஸ்கஸ், கேன்சர் இல்ல, செல்லு லேசா மாறித் தெரியுது, எதனாலன்னு ஸ்லைடை மட்டும் வச்சு சொல்ல முடியாது, இந்தப் புற்றை உண்டாக்கற ஹெச்பிவி வைரஸ் இருக்கான்னு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்னாங்க. எடுத்தோம், நெகட்டிவ், மூணு வருஷம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. இதைச் சொல்ல அவங்களுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அந்த ரெண்டு நிமிஷத்தை பிடிஎஃப் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டு சொல்லியிருந்தா என்ன?

பந்தலூர்க்காரி:
அக்கா உங்களுக்காவது ஃபோன்ல வந்துச்சு. எங்க எஸ்டேட்ல கேம்ப் போட்டாங்க, வி.ஐ.ஏ டெஸ்ட், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கர்ப்பப்பை வாயில அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் விட்டுப் பார்ப்பாங்க, வெள்ளையா மாறினா பாசிட்டிவ், லேபும் கிடையாது ஸ்லைடும் கிடையாது, அங்கயே சொல்லிடுவாங்க. சொன்னாங்க. எப்படின்னா டிஸ்பென்சரி வராந்தாவுல நின்னு சத்தமா, "பாசிட்டிவ் வந்தவங்கல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க"ன்னு. நானும் இன்னும் ரெண்டு மூணு பேரும் அந்தப் பக்கம் நின்னோம், கூட கொழுந்து எடுக்கற அத்தனை பேரும் எதிர்ல நின்னு பார்க்கறாங்க. பொழுது சாயறதுக்குள்ள நாங்க குடியிருக்கற லயன் வீடு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. மறுநாள் காலையில மாமியார் எனக்கு டீயை வேற டம்ளர்ல ஊத்திக் குடுத்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல, அந்த டம்ளரை மட்டும் தனியா கழுவி தனியா கவுத்தாங்க.

கீழ போய் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெருசாக்கிக் காட்டற கருவியில பார்த்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க, வெறும் புண்ணுதான், மாத்திரை குடுத்தாங்க, சரியாப் போச்சு. ஆனா அதை யாரும் வராந்தாவுல நின்னு சத்தமா சொல்லலையே.

குந்தா நர்ஸ்:
படிக்கவே கஷ்டமா இருக்கு தங்கச்சி, அப்படிக் கூப்பிட்டது தப்புதான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா மைனா அக்கா "ஒரு ஃபோன் போட்டா என்ன"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு பதில் சொல்லணும். எங்க ஏரியாவுல பாதி ஊருக்கு டவரே கிடைக்காது, இருக்கற நம்பரும் வீட்டுக்காரர் நம்பர், அவர் எடுத்தா நான் என்னன்னு சொல்றது? அதனால நேர்லதான் போவேன். ஒரு தடவை ஒரு அக்காவுக்கு ரிசல்ட் சொல்ல டீக்காட்டுக்கே போனேன், தூரத்துல என்னைப் பார்த்ததுமே கூடையை இறக்கி வச்சுட்டாங்க. கிட்ட போனா, நான் வாயே திறக்கல, "பிள்ளைங்க சின்னப் பிள்ளைங்க நர்ஸம்மா"ன்னாங்க. ரிசல்ட் நார்மல். நார்மல்னு சொல்லத்தான் அவ்ளோ தூரம் ஏறிப் போனேன். நர்ஸ் தேடி வந்தாலே கெட்ட சேதின்னு அவங்க மனசுல பதிஞ்சு போச்சு, ஏன்னா நார்மல்னா யாரும் போய் சொல்றதில்ல.

அருவங்காடு அண்ணன்:
சிஸ்டர் கடைசியா சொன்னதுதான் எங்க கதையும். "ஃபோன் வரலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்"னு கவுன்ட்டர்ல சொன்னாங்க, நம்பிட்டோம். ரொம்ப நாள் கழிச்சு வேற விஷயமா போனப்ப வீட்டம்மா சும்மா கேட்டிருக்காங்க, ஃபைலை எடுத்துப் பார்த்தா 'அன்சாட்டிஸ்ஃபாக்டரி'. அதாவது எடுத்த செல்லு பத்தல, படிக்கவே முடியல, மறுபடி எடுக்கணும். நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, டெஸ்ட்டே நடக்கல. இத்தனை நாள் நாங்க நிம்மதியா இருந்தது எதை நம்பி?

அதனால எல்லாரும் இதைக் கவனிங்க. டெஸ்ட் குடுக்கற அன்னிக்கே ரிசல்ட் எந்தத் தேதிக்கு வரும், யாரைக் கேக்கணும்னு எழுதி வாங்கிடுங்க. தேதி தாண்டினா நீங்களே போய்க் கேளுங்க, வாயால சொன்னதை ஏத்துக்காதீங்க, பேப்பரை வாங்குங்க. பாப் ஸ்மியர் ரிப்போர்ட்ல என்.ஐ.எல்.எம்-னு இருந்தா புற்றுக்கான மாற்றம் எதுவும் தெரியலன்னு அர்த்தம். எல்.எஸ்.ஐ.எல்-னா லேசான மாற்றம், பெரும்பாலும் தானா சரியாயிடும், ஆனா டாக்டர் சொன்ன தேதிக்குப் போகணும். ஹெச்.எஸ்.ஐ.எல்-னா தள்ளிப் போடவே கூடாது, அதுவும் கேன்சர் இல்ல, ஆனா விட்டா சில வருஷத்துல ஆகலாம், இப்பவே அந்த இடத்தை எடுத்துட்டா பெரும்பாலும் தடுத்துடலாம். இன்ஃப்ளமேட்டரின்னா புண்ணோ கிருமியோ, அதுக்கு வைத்தியம் இருக்கு. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த தடவை டாக்டருக்கு அதுதான் வேணும்.

பந்தலூர்க்காரி:
அண்ணா கோவிச்சுக்காதீங்க, தேதி தாண்டினா போய்க் கேளுங்கன்னு சொல்றது சுலபம். எங்களுக்கு ஊட்டிக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தா அன்னிக்கு மஸ்டர், அதான் வேலை வருகைப் பதிவு, போச்சு, கூலி போச்சு, பஸ் காசு வேற. சேதியைச் சொல்ல வேண்டியது டெஸ்ட் எடுத்தவங்க பொறுப்பு, அதையும் எங்க தலையில கட்டினா டெஸ்ட்டுக்கே யாரும் வரமாட்டாங்க. எங்க லயன்ல என்னைப் பார்த்துட்டு அடுத்த கேம்ப்புக்கு எத்தனை பேர் போகலன்னு எனக்குத் தெரியும்.

அருவங்காடு அண்ணன்:
கோவம் இல்லம்மா. நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா அவங்க பொறுப்புன்னு நாம உக்காந்திருந்தா பாதிக்கப்படறது நம்ம வீட்டுப் பொண்ணுங்கதானே, அதைத்தான் சொன்னேன்.

மலைக்காட்டு மைனா, குன்னூர்:
ரெண்டு பேரும் சொல்றது சரிதான். நான் கேட்டது வேற. பயப்படுத்தற மாதிரி ஒரு வார்த்தை ரிப்போர்ட்ல இருந்தா, அதை முதல்ல ஒரு மனுஷி வாயால கேக்கணும், அவ்ளோதான். டவர் இல்லாத ஊருக்கு சிஸ்டர் நடந்தே போறாங்க, டவுன்ல ஃபோன் எடுக்க முடியலையா?

குந்தா நர்ஸ்:
டவுனுக்கு நீங்க சொல்றது சரி அக்கா, ஒத்துக்கறேன்.

பந்தலூர் தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லணும், நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்த ஹெச்பிவி வைரஸ் டம்ளர்ல, துணியில, சேர்ந்து சாப்பிடறதுல ஒட்டாது. உடலுறவு வழியா பரவறது, வாழ்க்கையில முக்கால்வாசிப் பேருக்கு என்னிக்காவது வந்துட்டுப் போறது, அதிகம் பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே விரட்டிடும். வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கவும் செய்யும், அதனால ஹெச்பிவி பாசிட்டிவ்னா புருஷன் பொண்டாட்டியைச் சந்தேகப்படறதுக்கும் அர்த்தம் கிடையாது, பொண்டாட்டி புருஷனைக் குத்தம் சொல்றதுக்கும் கிடையாது. நான் ரிசல்ட் சொல்லப் போனா முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் பேப்பரையே நீட்டுவேன். அதுலயும் உங்களுக்கு வந்தது வெறும் புண்ணு. உங்க மாமியாருக்கும் 30 வயசு தாண்டிருச்சுதானே, அவங்க இதுவரைக்கும் டெஸ்ட் எடுத்திருக்காங்களா?

பந்தலூர்க்காரி:
இல்ல சிஸ்டர். இந்த விஷயத்துக்கப்புறம் அவங்க அந்தப் பக்கமே வரமாட்டேங்கறாங்க. அடுத்த கேம்ப்புல ரிசல்ட்டை ரூம்ல வச்சு தனித்தனியா சொல்வாங்கன்னு யாராவது உறுதி குடுத்தா நானே கூட்டிட்டு வரேன்.