‘மி’யில் ஒரு சொல் சொல்லுங்கோ

படிப்பிக்கிற வேலையில் மனம் நிறைந்த நேரம் எது என்று யாராவது கேட்டால், நான் என் பழைய சி.ஆர். கொப்பியை, அந்தப் பெரிய குறிப்புப் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். ‘மி’ எழுத்தைப் படிப்பிக்கும் நாளில் பிள்ளைகள் என்னென்ன சொல் சொன்னார்கள் என்று 2010 இலிருந்து வருடா வருடம் அதில் எழுதி வருகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி முடித்தேன். முதல் நியமனம் வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னப் பாடசாலைக்குக் கிடைத்தது. சண்டையில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்த சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. பாடசாலைக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. வீரை மரத்தடியில் தறப்பாள் கட்டி, தரம் 1, தரம் 2 இரண்டையும் ஒன்றாக இருத்தினோம். உண்மையைச் சொன்னால், கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்துக்கொண்டு ஊருக்கு மாற்றம் எடுப்பதுதான் அப்போது என் ஒரே யோசனை. கலண்டரில் நாள் வெட்டிக்கொண்டிருந்தேன்.

தரம் 2 இல் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே இல்லாமல் போனவன். பெயர் எழுதத் தெரியாது, வாய் திறந்து கதைக்கவும் மாட்டான். ஒருநாள் கரும்பலகையில் ‘மி’ எழுதி, இந்த எழுத்தில் ஒரு சொல் சொல்லுங்கோ என்றேன். மிளகாய் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துப் படமும் வரைந்து வைத்திருந்தேன். அவன் எழும்பி, “மிதிவெடி” என்றான்.

அன்றைக்குத்தான் அவன் குரலையே கேட்டேன்.

“எங்கயடா பாத்தனீ?”

“வாற பாதையில இருக்கு ரீச்சர். சிவப்புப் பலகையில, மண்டையோட்டுக்குக் கீழ.”

சொல்லிக்கொண்டே விரலால் காற்றில் எழுதியும் காட்டினான். மகரமும் சரி, அதன்மேல் போடும் இகர விசிறியும் சரி. படிப்பிக்க ஆளில்லாமல், உயிருக்குப் பயந்து கற்றுக்கொண்ட எழுத்து. அந்தச் சொல் வேண்டாம், வேறு சொல்லு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரியான விடைதானே! கரும்பலகையில் அதையே எழுதினேன். மி, தி, வெ, டி. நாலு எழுத்து கையில் இருந்தது. ‘மிதி’யைப் பிரித்தோம், சைக்கிள் மிதி வந்தது. ‘தி’யில் திரி வந்தது. ‘வெ’யில் வெயிலும் வெள்ளரியும் வந்தன. ‘டி’ கடைசியில் வரும்படி மடி, செடி, கொடி என்று பிள்ளைகளே அடுக்கினார்கள். அந்தச் சொல்லை உடைத்து உடைத்து ஒரு கிழமை படித்தோம்.

ஆனி மாதம், பாலைப்பழக் காலம். பழம் தின்ற உதடு பழத்தின் பாலில் ஒட்டிக்கொள்ள, வரிக்குக் கீழே விரலை வைத்து, வாசிப்புப் புத்தகத்தில் அரைப் பக்கம் வாசித்தான். ஒட்டின உதட்டைப் பிரித்துப் பிரித்து வாசித்ததால் ஒவ்வொரு ‘ம’வுக்கும் ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

அடுத்தநாள் அவனுடைய அம்மம்மா தேக்கிலையில் பாலைப்பழம் சுற்றிக்கொண்டு வந்தா. “பிள்ளை, நீங்களும் மாற்றம் எடுத்துப் போயிடுவியளோ? முந்தி இருந்த ரீச்சரும் நல்ல பிள்ளைதான்” என்றா. குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டா. நான் அந்த வருடம் மாற்றப் படிவம் நிரப்பவில்லை. பிறகும் நிரப்பவில்லை.

இதைச் சொல்வதால், மனத்திருப்தி போதும், சம்பளம் பெரிதில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக நடந்த பணிப்புறக்கணிப்பில் நானும் நின்றவள்தான். ஆசிரியருக்கும் வீடு இருக்கிறது, அரிசி வாங்க வேண்டும். சேவை சேவை என்று சொல்லி அதை மறைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பையன் இப்போது முத்தையன்கட்டுப் பக்கம் உழவு இயந்திரம் ஓடுகிறான். விதைப்பு முடிந்தால் வாட்ஸப்பில் எழுதுவான். ரகர றகரப் பிழைகள் நிறைய இருக்கும். நான் திருத்தி அனுப்புவேன், அவனும் திருத்தி எழுதுவான்.

கொப்பியில் 2016 ஆம் ஆண்டுப் பக்கத்திலும் மிதிவெடி இருக்கிறது. அதைச் சொன்ன பிள்ளையின் முகத்தில் பயம் இல்லை. “மிதிவெடி ரீச்சர்! எங்கட அம்மா அதைத்தான் எடுக்கிறவ” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். வெடி அகற்றும் வேலைக்கு வன்னியில் எத்தனையோ பெண்கள் போனார்கள், குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள் பலர். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 கடைசியில்தான். அதற்கெல்லாம் முன்னமே இவர்கள் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தபோது, “அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு இடம் பாப்பியள்?” என்று கேட்டேன்.

“மண்ணைப் பொறுத்தது ரீச்சர். சில நாள் ஒரு பாய் விரிக்கிற அளவுதான்.”

நான் அதையும் கொப்பியில் எழுதி வைத்தேன்.

போன வருடம் தரம் 1 இல் பதினாறு பிள்ளைகள். எல்லாரும் சண்டை முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். கரும்பலகையில் ‘மி’ எழுதினேன். மிளகாய் வந்தது. மிட்டாய், மிக்சர், மின்னல், மின்விசிறி, மிருகம் எல்லாம் வந்தன. ஒரு பிள்ளை மினுக்கம் என்றாள், நல்ல சொல் என்று கைதட்டச் சொன்னேன். வேறு சொல் இருக்கோ என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பவும் கேட்டேன்.

பின் வாங்கிலிருந்து ஒருவன், “மீன்!” என்றான்.

அது நெடிலடா, நாளைக்குப் படிப்பம் என்று சொல்லிக் கொப்பியை மூடினேன்.